ஏழாம் லயத்துப் புள்ளி

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதில் தெரியாமல் இல்லை. பதிலைக் கேட்டதும் அவர்கள் முகம் போகிற போக்குதான் காரணம். "ஒரு மருந்து நிஜமாவே வேலை செய்யுதா இல்லையான்னு கணக்குப் போட்டுப் பாக்கறேன்" என்பேன். "அதை டாக்டர்ல சொல்லணும்?" என்பார்கள். டாக்டர்களிடம் அதையே சொன்னால், "அதுதான் எங்களுக்கே தெரியுமே" என்பார்கள். ஆக, என் வேலை இந்த நாட்டுக்குத் தேவை என்று நம்பியது நானும் எனக்குச் சம்பளம் போட்டவர்களும் மட்டும்தான்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அம்மா, "ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட பெரிய வேலை" என்று பொதுவாகச் சொல்லி வைப்பாள். ஒரு மாப்பிள்ளையின் தாயார் ஆசையாக, "ஊசியெல்லாம் போடுவியாம்மா?" என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நான் போட மாட்டேன். மத்தவங்க போட்ட ஊசி பலிச்சுதான்னு சந்தேகப்படுவேன்" என்றேன். அந்தச் சம்பந்தம் அன்றைக்கே தட்டிப்போனது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள்.

இது எண்பதுகளின் நடுவில். கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆய்வுப் பிரிவில் நான் இருந்தேன். என் சொத்து ஒரு கால்குலேட்டர், ஒரு கட்டு வரைபடத் தாள், வாரத்துக்கு ஒரு நாள் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரில் கெஞ்சி வாங்கும் ஒரு மணி நேரம். அப்புறம் ஒரு புத்தகம். அதில் முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை எந்த ஒழுங்கும் இல்லாத எண்கள் மட்டும்தான் அச்சடித்திருக்கும். யாருக்கு எந்த மருந்து என்று சீட்டுப் போடுவதற்காக அது. என் மாமா ஒருவர் நாலு நம்பர் லாட்டரி எடுப்பதற்கு அதை ஒரு வாரம் இரவல் கேட்டார். கொடுக்கவில்லை என்று இன்னும் குறை சொல்கிறார்.

எங்கள் தலைவர் ஓர் ஈப்போ சீன டாக்டர். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒரே வரியில் கேட்க வேண்டும் அவருக்கு. நான் பத்து நிமிடம் விளக்கினால் கடைசியில், "வேலை செய்யுதா, செய்யலையா? அதை மட்டும் சொல்லு லா" என்பார். அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்த லா எல்லா மொழிக்கும் பொது.

அவர் ஒருநாள் என்னை ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம். அங்கே பால் வெட்டும் பெண்களுக்கு இரத்தம் போதவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை, வெளிறிக் கிடந்தது. மேட்டுக்காட்டில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் பாதி வழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். தினம் ஓர் இரும்பு மாத்திரை கொடுத்தால் தேறிவிடுவார்கள் என்பது டாக்டரின் கட்சி. தோட்டத்து மேனேஜர் விவரமானவர். "நிரூபிச்சுக் காட்டுங்க" என்றார். "பலன் இருக்குன்னா எங்க கம்பெனித் தோட்டம் எல்லாத்துலயும் குடுக்க ஏற்பாடு செய்யறேன். இல்லேன்னா இங்கேயும் இதோட நிறுத்திக்குவோம்."

அந்தக் கம்பெனிக்குக் கோலசிலாங்கூர் தொடங்கி சபாக் வரைக்கும் தோட்டங்கள் இருந்தன. சபாக் பக்கத்துத் தோட்டத்தில் என் தங்கை வேலை செய்தாள். நான் படித்தேன், அவள் படிக்கவில்லை, அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம். அவள் இமையை இழுத்துப் பார்த்திருக்கிறேன். அதே வெளிறல்தான். ஆகவே இந்த ஆராய்ச்சியில் நான் நடுநிலையாக இருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரும்பு ஜெயிக்க வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. ஜெயிப்பதற்காகத் தப்பாகக் கணக்குப் போட மட்டும் மாட்டேன். அது வேறு.

பதினாலு லயம், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை. ஒவ்வொரு லயத்திலும் பால் வெட்டும் பெண்கள் பத்துப் பேர். பிள்ளைத்தாச்சிகளைச் சேர்க்கவில்லை, அவர்களுக்குக் கிளினிக்கில் தனியாக மாத்திரை உண்டு. ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி, செக்ரோல் என்கிற தொழிலாளர் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களைக் கொடுத்தார். என் எண் புத்தகத்தை வைத்துச் சீட்டுப் போட்டேன். பாதிப் பேருக்கு இரும்பு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. பாட்டிலில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர் எது என்கிற குறிப்பு, உறையில் ஒட்டி டாக்டருடைய பீரோவில். மாத்திரையைக் கொடுக்கிற தோட்டத்து டிரெஸருக்கும் தெரியாது, விரலில் குத்தி இரத்தம் அளக்கிற எனக்கும் தெரியாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு அப்போது இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் பெண்களை நிற்க வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். முன்வரிசையில் ஓர் அக்கா, நாலாம் லயத்துக்காரர், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் கை.

"யாருக்கு எதுன்னு உனக்குத் தெரியுமா தங்கச்சி?"

"எனக்கே தெரியாதுக்கா."

"டிரெஸருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"பெரிய டாக்டரோட பீரோவுல ஒரு கவர் இருக்கு. அதுலதான் இருக்கு."

அக்கா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களாடி? இவ்வளவு படிச்சிருக்கா, பீரோவுக்குத் தெரிஞ்சது இவளுக்குத் தெரியலையாம்."

களமே சிரித்தது. வேலை வாங்குகிற மண்டோர் கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி இல்லை. ஆனால் எல்லோரும் சம்மதித்தார்கள். முதல் இரத்தம் எடுத்தோம், பாட்டில்களைக் கொடுத்தோம், நான் கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டேன். மாதா மாதம் டிரெஸர் காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு புதுப் பாட்டில் கொடுத்தார். ஒரு மாத்திரை மிச்சமில்லை என்று எழுதினார். இப்படி ஒழுங்காக மருந்து சாப்பிடுகிற ஜனங்களை நான் பார்த்ததில்லை என்று டாக்டரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து இரண்டாவது முறை இரத்தம் எடுத்தோம். டாக்டர் பீரோவைத் திறந்தார், உறையைக் கிழித்தார். இரண்டு கூட்டத்தையும் பிரித்துக் கூட்டி வகுத்துப் பார்த்தேன். இரும்பு சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. தசமப் புள்ளிக்குப் பிறகு கூட இல்லை. மறுபடி போட்டேன். கம்ப்யூட்டருக்குப் போய்க் கெஞ்சினேன், அதுவும் அதையே சொன்னது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"வேலை செய்யலை" என்றார் டாக்டர். அவருக்கும் வருத்தம்தான், குரலில் தெரிந்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜரைப் பார்க்கணும். அதுக்குள்ள எழுதிடு லா."

எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. முதலில் எடுத்த எண்களையும் பிறகு எடுத்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு கூட்டமும் சமம் என்பது சரி. ஆனால் இரண்டு கூட்டத்துக்குமே இரத்தம் ஏறியிருந்தது! இரும்பு சாப்பிட்டவளுக்கு ஏறினால் அர்த்தமுண்டு. வெறும் மாவைத் தின்றவளுக்கு எப்படி ஏறும்? டாக்டர், "நம்பிக்கை" என்றார். நம்பிக்கையில் தலைவலி போகும், ஒத்துக்கொள்கிறேன். நம்பிக்கையில் இரத்தம் ஊறுமா?

மறுநாள் காலை கோலசிலாங்கூர் பஸ் ஏறி ஈஜோக்கில் இறங்கி, அங்கிருந்து டிரெஸரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். பால் நிறுத்து முடித்துப் பெண்கள் லயத்துக்குத் திரும்பியிருந்த நேரம். நாலாம் லயத்துப் பைப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்து நேராகவே கேட்டேன்.

"அக்கா, மாத்திரையை எப்படிச் சாப்பிட்டீங்க?"

"வாயாலதான்."

பைப்படி முழுக்கச் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அக்காவுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதுலேருந்துதான். தெனமும் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒண்ணு."

"எல்லா பாட்டிலையும் இதுல கொட்டிட்டீங்களா?"

"கொட்டாம? எது நெஜ மாத்திரை, எது மாவுன்னு நாலே நாள்ல தெரிஞ்சு போச்சு."

"எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே!"

அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. அவருக்குத் தாழ்த்தத் தெரியாது. "கக்கூஸுக்குப் போனா தெரியுது. நெஜ மாத்திரை தின்னவளுக்கெல்லாம் கருப்பா போகுது. இதோ இவதான் முதல்ல பார்த்துட்டு, குடல் அழுகிப் போச்சுக்கா, நான் செத்துருவேன்னு உக்காந்து அழுதா. எனக்கும் அப்படித்தாண்டின்னேன் நான். அந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தி, எனக்கு மஞ்சளாத்தானே இருக்குதுங்கறா. சாயங்காலத்துக்குள்ள யாருக்குக் கருப்பு, யாருக்கு மஞ்சள்னு லயம் பூரா பிரிச்சாச்சு."

அடக் கடவுளே என்று தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இரும்பு சாப்பிட்டால் கருப்பாகப் போகும் என்பது எங்கள் டாக்டருக்குத் தெரியும். அதைப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. அவர் வீட்டில் கழிவறை தனி, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு.

"சரி, தெரிஞ்சுதே, அப்புறம் ஏன் கலந்தீங்க?"

"கருப்பு மாத்திரை சூடு. மாவு மாத்திரை குளிர்ச்சி. ரெண்டும் மாறி மாறி உள்ள போனாத்தான் ஒடம்புக்குச் சமமா இருக்கும்." இதைப் பெரிய விஞ்ஞானம் போலச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, நிஜக் காரணத்தைச் சொன்னார். "அதுவும் இல்லாம, பக்கத்து வூட்டுக்காரி மாவத் தின்னுட்டு இருக்கறப்ப நான் மட்டும் ரத்தம் ஊற மாத்திரைய முழுங்கினா, அது எனக்குச் செரிக்குமா?"

பதினாலு லயத்திலும் இதே கதைதான். ஒரு லயம் செய்ததை அடுத்த லயம் செய்யாமல் இருக்குமா?

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. அழுகையே வந்துவிட்டது. லயத்தில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் ஒரு மீன் பொரித்தால் பாதி மீன் சுவருக்கு அந்தப் பக்கம் போகும். பன்னிரண்டு வயதில் ஹாஸ்டலுக்குப் போய், அங்கே ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியோடு வளர்ந்து, பிறகு லயத்துக்கே வந்து, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்று உனக்கு ஒன்று என்று சீட்டுப் போட்டிருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

"நாங்க ஏதும் தப்புப் பண்ணிட்டோமா தங்கச்சி?" என்றார் அக்கா. இப்போது அவர் குரல் கூடத் தாழ்ந்திருந்தது.

"நீங்க தப்புப் பண்ணலக்கா. கணக்குத்தான் தப்பு" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே வெக்கை. பக்கத்தில் ஒருவர் முள்முள்ளான டுரியான் பழ மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். பஸ் சுங்கை பூலோவைத் தாண்டுகிற இடத்தில், திடீரென்று எனக்கு ஒன்று தோன்றி, "ஐயோ!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டுரியான்காரர் மூட்டை காலில் குத்திவிட்டதென்று நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

தோன்றியது இதுதான். நான் சீட்டுப் போட்டது நூற்று நாற்பது பேருக்கும் மொத்தமாக. மொத்தத்தில் பாதிக்குப் பாதி சரியாக வந்தது. ஆனால் லயம் லயமாகப் பாதி வரவேண்டும் என்று நான் பார்க்கவே இல்லை. அதுவும் என் கவனக்குறைவுதான். ஆகவே ஒரு லயத்தில் பத்துக்கு மூணு பேருக்குத்தான் நிஜ மாத்திரை விழுந்திருக்கும், இன்னொரு லயத்தில் பத்துக்கு ஏழு பேருக்கு விழுந்திருக்கும். டின்னில் கொட்டிக் கலந்து சாப்பிட்டால், முதல் லயத்துப் பெண்கள் எல்லோருமே பத்து நாளைக்கு மூணு நாள் இரும்பு சாப்பிட்டிருப்பார்கள். இரண்டாவது லயத்துப் பெண்கள் எல்லோரும் ஏழு நாள். எந்த லயத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்தது நான் இல்லை, அவர்களும் இல்லை, சீட்டு. அப்படியென்றால் பெண்ணையும் பெண்ணையும் ஒப்பிடக்கூடாது. லயத்தையும் லயத்தையும் ஒப்பிட வேண்டும்.

வீட்டுக்குப் போகாமல் நேராக ஆபீசுக்குப் போனேன். வரைபடத் தாளில் ஒரு லயத்துக்கு ஒரு புள்ளி. டின்னில் எவ்வளவு இரும்பு என்பது வலப்பக்கம், இரத்தம் எவ்வளவு ஏறியது என்பது மேல்பக்கம். வைக்க வைக்கப் புள்ளிகள் படியேறிக்கொண்டே போயின. இரும்பு அதிகமான லயத்தில் இரத்தம் அதிகம். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல் இருந்தது. ஆடியும் இருப்பேன், கடைசியாக ஒரு புள்ளி வைக்கும் வரைக்கும்.

ஏழாம் லயம். அங்கேதான் பத்துக்கு எட்டுப் பேருக்கு நிஜ மாத்திரை விழுந்திருந்தது. எல்லா லயத்தையும் விட அதிகம். மேலே உச்சியில் இருக்க வேண்டிய புள்ளி. இரத்தமோ ஏறவே இல்லை. தாளின் அடியில் தனியாகக் கிடந்தது.

மறுநாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நூத்தி நாப்பது பேரை வச்சுக்கிட்டு ஒண்ணும் இல்லேன்னே. இப்போ பதினாலு புள்ளி வச்சுக்கிட்டு எல்லாம் இருக்குங்கறே. உன்னை நம்பறதா வேண்டாமா?" என்றார். ஆனால் சந்தோஷம் முகத்தில் வழிந்தது. பிறகு ஏழாம் லயத்துப் புள்ளியைப் பார்த்தார். மேசையிலிருந்து ரப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"மாட்டேன் டாக்டர்."

"ஒரே ஒரு புள்ளி லா. இது இருந்தா மேனேஜர் அதைத்தான் பிடிச்சுக்குவார்."

"அது ஒரு புள்ளி இல்ல, பத்துப் பொம்பளைங்க. என்ன ஆச்சுன்னு கேக்காம அழிக்க மாட்டேன்."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு!"

"பஸ் தெனமும் ஓடுது" என்றேன். இப்படிப் பேசியே எனக்குப் பதவி உயர்வு தாமதமானது என்று பின்னால் சொன்னார்கள்.

ஏழாம் லயத்தில் யாரும் பிடி கொடுக்கவில்லை. டின் எங்கே என்றால் டின்னா என்றார்கள். சாப்பிட்டீர்களா என்றால் சாப்பிட்டோம் என்றார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். யார் முகத்திலும் ஈயாடவில்லை. அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சேதி கேள்விப்பட்டு நாலாம் லயத்து அக்கா வந்து சேர்ந்தார்.

"சொல்லித் தொலைங்கடி. இவ போட்டுக்குடுக்கிறவ இல்ல. அழுமூஞ்சி, அவ்வளவுதான்."

லயத்துக்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி, பலகை அடித்த கொங்சி ஒன்று இருந்தது. நான் அத்தனை முறை வந்தும் அதை ஏதோ சாமான் கொட்டகை என்றுதான் நினைத்திருந்தேன். அதில் கொந்தராக் ஆட்கள், அதாவது ஒப்பந்தக் கூலிகள், குடியிருந்தார்கள். புல்லுக்கு மருந்தடிக்கிற பெண்கள், எட்டுப் பேர். நம் ஆட்கள்தான், ஆனால் கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. கொந்தராக்காரன் கொடுப்பதுதான் சம்பளம். செக்ரோலில் பெயர் கிடையாது, டிரெஸர் புத்தகத்தில் பெயர் கிடையாது. செக்ரோலைப் பார்த்து எடுத்த என் லிஸ்டில் எப்படி இருக்கும்? நாங்கள் மாத்திரை கொடுக்க ஆரம்பித்த அதே வாரம், அவர்களில் ஒருத்தி மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்துகொண்டு போகும்போது தலை சுற்றி வாய்க்காலில் விழுந்திருக்கிறாள். ஏழாம் லயத்துப் பெண்கள்தான் இழுத்துப் போட்டார்கள்.

"எட்டு பாட்டில் கருப்பு, அங்க எட்டுப் பேரு. சரியா வந்துச்சு" என்றார் ஏழாம் லயத்துப் பெண் ஒருவர், தரையைப் பார்த்துக்கொண்டே. "மிச்ச மாவு மாத்திரைய நாங்க பத்துப் பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். கம்பெனி மருந்த வெளி ஆளுக்குக் குடுத்தோம்னு தெரிஞ்சா அவங்கள வெரட்டிருவாங்கன்னுதான் சொல்லல."

வாய்க்காலைத் தாண்டிப் போய் அந்த எட்டுப் பேருக்கும் விரலில் குத்தி இரத்தம் பார்த்தேன். அந்தத் தோட்டத்திலேயே நான் அதுவரை அளந்த நூற்று நாற்பது பேரில் யாருக்கும் அவ்வளவு இல்லை. வாய்க்காலில் விழுந்தவளுக்குத்தான் எல்லோரையும் விட அதிகம். அவள் கன்னத்தைக் கிள்ள வேண்டும் போல் இருந்தது.

ரிப்போர்ட்டில் ஒன்றையும் மறைக்கவில்லை. ஏழாம் லயத்தைச் சேர்த்து ஒரு கணக்கு, சேர்க்காமல் ஒரு கணக்கு, இரண்டையும் போட்டேன். ஏழாம் லயத்து மாத்திரையை லிஸ்டில் இல்லாத எட்டுப் பெண்கள் சாப்பிட்டார்கள், அவர்கள் தேறினார்கள் என்று எழுதினேன். யார், எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் எழுதவில்லை. டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை மேனேஜர் முழுவதும் படித்துவிட்டு, "சரி, நம்பறேன்" என்றார். கம்பெனித் தோட்டம் எல்லாவற்றிலும் செக்ரோலில் பெயர் உள்ள பெண்கள் எல்லோருக்கும் மாத்திரை.

"செக்ரோல்ல இல்லாதவங்களுக்கு?" என்றேன்.

"என் ரோல்ல இல்லாதவங்களுக்கு நான் எப்படிக் குடுக்க முடியும்? அது கொந்தராக்காரன் பாடு" என்றார், சிரித்துக்கொண்டே. கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன்.

என் தங்கைக்கு மாத்திரை கிடைத்தது. கருப்பாகப் போகுது, பயமா இருக்கு என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். நான் செய்தது புது முறை என்று டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் கைதட்டினார்கள். அதன் பிறகு நான் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஆளுக்கு ஆள் சீட்டுப் போடுவதில்லை, லயத்துக்கு லயம்தான். இதற்கு இப்போது வாயில் நுழையாத பெரிய பெயரெல்லாம் வந்துவிட்டது. அன்றைக்கு அதற்குப் பெயர் பிஸ்கட் டின்.

ஒரு வருடம் கழித்து, திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மறுபடி அதே தோட்டத்தில் இரத்தம் எடுத்தோம். இந்த முறை எல்லா மாத்திரையும் நிஜ மாத்திரை. என் வரைபடத்தின்படி எல்லா லயமும் உச்சியில் இருக்க வேண்டும். இரத்தம் ஏறியிருந்தது, ஆனால் உச்சிக்குப் போகவில்லை. பதினாலு லயமும், ஒரு லயம் மிச்சமில்லாமல், ஏறக்குறைய ஒரே அளவு குறைவு. டாக்டர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரை பழசாயிடுச்சா? மட்டமான சரக்கா?"

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்த ஒரு வருடத்தில் அங்கே கொந்தராக் ஆட்கள் கூடியிருந்தார்கள். வாய்க்கால் நெடுக மூணு நாலு கொங்சி முளைத்திருந்தது.

"மாத்திரை நல்ல மாத்திரைதான் டாக்டர். நம்ம லிஸ்ட்தான் சின்னது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அவர் ஒரே வரியில் கேட்கிற மனிதர். நான் ஒரே வரியில் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"எத்தனை பேர்?" என்றார்.

"தெரியாது. யாரும் எண்ணினதில்ல."

அப்போதே மேனேஜருக்குப் போன் போட்டார். அரைமணி நேரம் பேசினார், நடுவில் இரண்டு முறை கத்தினார், பத்து முறை லா போட்டார். போனை வைத்துவிட்டு, "குடுக்கறேங்கறார். ரோல்ல இல்லாட்டியும் பரவாயில்லையாம். பேரும் எண்ணிக்கையும் வேணுமாம். போய் எழுதிட்டு வா" என்றார்.

மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு வாய்க்காலைத் தாண்டினேன். கொங்சி வாசலில் எனக்குத் தெரியாத ஒரு பெண், இருபது வயதிருக்கும், மருந்துத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை, நான்தான் கொண்டுவந்து கொடுக்கப் போகிறேன் என்று.

"உன் பேரு என்னம்மா?"

"எதுக்குக்கா?"

"மாத்திரைக்கு. பேரு எழுதிக்கிட்டா உனக்கும் மாசா மாசம் வரும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பேரு எழுதாமலேதான் ஒரு வருஷமா வருதேக்கா" என்றாள்.